பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு: மருந்துக்குக் கெடு உண்டு, முடிவுக்கு இல்லை

இதைப் படிக்கிறவர் பாதிக்கப்பட்டவராக இருக்கலாம். அவர் அருகில் உட்கார்ந்துகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கைபேசியில் தேடும் தோழியாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் முதலில் ஒன்றைக் கணக்குப் பாருங்கள்: நடந்து எத்தனை மணி நேரம் ஆகிறது?

புகார் கொடுப்பதா, வீட்டில் சொல்வதா, சொன்னால் நம்புவார்களா, அந்த ஆளை நாளை எங்கே பார்க்க நேரும் என்று எல்லாக் கேள்விகளும் ஒன்றாக வந்து மேலே விழும். இவற்றுக்கெல்லாம் விடை தெரிந்த பிறகு மருத்துவமனைக்குப் போகலாம் என்று காத்திருப்பதில்தான் பலருக்குப் பெரிய இழப்பு நேர்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க 72 மணி நேரம் இருக்கிறது. அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம். மயக்க மருந்து ஏதாவது கலந்து கொடுக்கப்பட்டிருந்தால், அதன் தடயம் சில மணி நேரத்திலேயே உடலை விட்டுப் போகத் தொடங்கிவிடும். புகார் பற்றிய முடிவுக்கு இப்படி மணிக்கணக்கில் கெடு இல்லை. ஆகவே இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை இன்று, மற்றவை, மனம் கொஞ்சம் நிலைக்கு வந்த பிறகு.

புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று ஒரு மருத்துவமனையில் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சிகிச்சையைப் புகாரோடு முடிச்சுப் போடக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சில நாடுகளில் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தந்தாக வேண்டும் என்று சட்டம் உண்டு. குறிப்பாக, பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால். அதனால் பெயரையும் விவரத்தையும் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடலாம்: “நான் சொல்வதை நீங்கள் யாருக்காவது தெரிவித்தாக வேண்டுமா?” தகவல் போவது வேறு, நீங்கள் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுப்பது வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பயந்து பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

எதற்கும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

நிற்காத ரத்தப்போக்கு, கடுமையான வயிற்றுவலி, தலையில் அடி, நினைவு தப்புதல், மூச்சுத் திணறல் இருந்தால் அருகில் எந்த அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதோ அங்கே போங்கள். சிறப்பு மையத்தைத் தேடி அலையும் நேரம் அது இல்லை.

கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால் அதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். கழுத்தில் அடையாளம் எதுவும் தெரியாததால் மருத்துவரும் கேட்காமல் விட்டுவிடுகிறார். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருக்க முடியும். அங்கே ரத்தம் உறைந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். குரல் கரகரப்பது, விழுங்கும்போது வலிப்பது, கண்ணிலோ முகத்திலோ ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் கண் இருண்டது, தன்னை அறியாமல் சிறுநீர் போனது: இவற்றில் ஒன்று இருந்தாலும் “கழுத்தை நெரித்தார்” என்று அதே சொல்லில் சொல்லுங்கள். ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கர்ப்பமாக இருப்பவர் வயிற்றில் அடி பட்டதையும் இதேபோல் தானாகவே சொல்ல வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

குளித்துவிட வேண்டும் என்றுதான் உடல் கேட்கும். பரிசோதனை முடியும்வரை தள்ளிப்போட முடிந்தால் நல்லது. ஏற்கெனவே குளித்துவிட்டீர்கள், துணியைத் துவைத்துவிட்டீர்கள் என்றால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உடலுக்குள் இருக்கும் தடயம் குளியலில் முழுதாகப் போவதில்லை. துவைத்த துணியில்கூடச் சில நேரம் மரபணுத் தடயம் கிடைத்திருக்கிறது. சிகிச்சைக்கோ குளித்ததும் குளிக்காததும் ஒரு பொருட்டே இல்லை.

அப்போது உடுத்தியிருந்ததை மாற்றிவிட்டீர்கள் என்றால் துவைக்காமல் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு துணியும் தனித்தனிக் காகிதப் பையில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது: உள்ளே ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும், மரபணு சிதைந்துபோகும். காகிதப் பை கிடைக்காவிட்டால் செய்தித்தாளில்கூடச் சுற்றலாம். ஈரமாக இருந்தால் நிழலில், யாரும் தொடாத இடத்தில் உலர்த்திய பிறகு சுற்றுங்கள். உள்ளாடை, மாதவிடாய்ப் பட்டை, துடைத்த காகிதம், கீழே கிடந்த ஆணுறை, படுக்கை விரிப்பு எல்லாம் இதில் சேரும். பையின் மேல் தேதியும் நேரமும் எழுதிவிடுங்கள்.

வாய்வழி வன்கொடுமை என்றால் வாயில் இருக்கும் தடயம்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் அழியும். ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. தாகம் பொறுக்க முடியவில்லை என்றால் சுத்தமான பஞ்சாலோ துணியாலோ கன்னத்தின் உட்புறத்தையும் ஈறுகளையும் துடைத்து, உலர்த்திக் காகிதத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

நடுவில் ஒரு பகுதி நினைவிலேயே இல்லை, குடித்த அளவுக்குப் பொருந்தாத மயக்கம் வந்தது என்றால், அதற்குப் பிறகு முதன்முதலாகப் போகும் சிறுநீர்தான் மிகவும் மதிப்புள்ளது. மருத்துவமனை தூரம் என்றால், அடக்கிக்கொண்டே போக வேண்டாம். சுத்தமான, மூடியுள்ள பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். பல மருந்துகளைச் சிறுநீரில் 120 மணி நேரம் வரை தேடிப் பார்க்க முடியும். ஜி.எச்.பி. என்ற மருந்து மட்டும் ஏறக்குறைய 12 மணி நேரத்தில் மறைந்துவிடும். சோதனையில் எதுவும் தெரியவில்லை என்று வந்தால், எதுவும் கலக்கவில்லை என்று பொருளில்லை, நேரம் கடந்திருக்கலாம்.

இவை எதையும் செய்ய முடியாத நிலையில் இருக்கிறீர்களா? விட்டுவிடுங்கள், கிளம்புங்கள். தடயத்தைக் காப்பாற்றுவதற்காக மருந்தைத் தாமதப்படுத்தாதீர்கள்.

எங்கே போவது

மருத்துவம், மனநல ஆலோசனை, சட்ட உதவி, தங்குமிடம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தரும் மையங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. பிரிட்டனில் இதுபோன்ற முதல் மையம் 1986-இல் மான்செஸ்டரில், செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் தொடங்கியது. இந்தியாவில் 2015 முதல் ‘சகி’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் நடக்கின்றன. பெயர் நாட்டுக்கு நாடு மாறும். தேடும்போது பெண்கள் உதவி எண்ணை அழைத்து, “இந்த நேரத்தில் திறந்திருக்கும் மையம் எது, அங்கே எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கையிருப்பில் இருக்கிறதா?” என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் அலைச்சலைக் குறைக்கும். சிறிய கிளினிக்குகளில் இந்த மருந்து பெரும்பாலும் இருக்காது. ‘நாளை வாருங்கள்’ என்பார்கள், ஒரு நாள் போய்விடும். மையம் எதுவும் இல்லாத ஊர் என்றால் பெரிய அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எச்.ஐ.வி. சிகிச்சை தரும் மையங்களிலும் இதே மருந்துகள் இருக்கும்.

பதிவு செய்யும் இடத்தில், வரிசையில் நிற்பவர்கள் காதுபட எதையும் விவரிக்கத் தேவையில்லை. “அவசரம். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்” என்பது போதும். வாயால் சொல்ல வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: என்ன நடந்தது என்று ஒரு வரி, எத்தனை மணிக்கு, கழுத்து நெரிக்கப்பட்டதா, கடைசி மாதவிடாய் எப்போது, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை. ஒரே கதையை நான்கு பேரிடம் நான்கு முறை சொல்வதிலிருந்து இந்தத் தாள் காப்பாற்றும். மாற்றுத்துணி ஒன்று எடுத்துப் போங்கள். உடுத்தியிருப்பதைத் தடயமாக வாங்கிக்கொள்ளக்கூடும்.

மருந்துகள்: எது, எப்போது, எங்கே தவறுகிறது

அவசரக் கருத்தடை மாத்திரையில் பரவலாகக் கிடைப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு அதன் பலன் குறையும். ஆனாலும் 120 மணி நேரம் வரை கொடுக்கிறார்கள். யூலிப்ரிஸ்டால் 30 மில்லிகிராம் என்ற இன்னொரு மாத்திரை இருக்கிறது. நான்காவது, ஐந்தாவது நாளில் வருபவருக்கும் உடல் எடை கூடுதலாக உள்ளவருக்கும் அது மேல். மாத்திரைகள் எல்லாவற்றையும்விட உறுதியானது 5 நாட்களுக்குள் பொருத்தப்படும் காப்பர் டி. ஆனால் இப்படி ஒன்று நடந்த பிறகு உடலுக்குள் ஒரு கருவியை வைக்கப் பலருக்கு மனம் ஒப்பாது. அந்த மறுப்பு முழுக்க நியாயமானது. மாத்திரை போதும் என்று சொல்லலாம்.

மாத்திரை போட்டு 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை தேவை. யூலிப்ரிஸ்டால் என்றால் 3 மணி நேரம். வாந்தித் தடுப்பு மருந்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், கார்பமசபின் சாப்பிடுபவருக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் வழக்கமான அளவில் சரியாக வேலை செய்யாது. 3 மில்லிகிராம், அதாவது இரட்டை அளவு கொடுப்பது வழக்கம். கடையில் தாங்களாகவே வாங்கிப் போடுபவர்களுக்கு இது தெரிவதில்லை. அடுத்த மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால், அல்லது 3 வாரம் ஆனதும், கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். கரு உருவாகியிருந்தால் கலைப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். எங்கும் பொருந்துவது ஒன்று: வாரம் கூடக் கூட வழிகள் குறையும். அதனால் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. மொத்தம் 28 நாட்கள். இப்போது பெரும்பாலும் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த கூட்டு. பரிசோதனை முடிவு வரட்டும் என்று முதல் வேளையை நிறுத்தி வைக்கக் கூடாது. தொடங்கிய பிறகு, தேவையில்லை என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த 28 நாளில்தான் பலர் நழுவுகிறார்கள். மூன்று நாள் மாத்திரையைக் கையில் கொடுத்து ‘மீதிக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பினால், அந்த இடத்துக்குத் திரும்பிப் போகும் தெம்பு பாதிப்பேருக்கு மேல் இருக்காது என்பது எங்கள் எண்ணம். 28 நாள் மருந்து முழுவதையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் வாரம் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை வரலாம். பெரும்பாலும் தானே அடங்கும். அமிலத்துக்கான மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை சாப்பிடுபவர் டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். ஒன்றாகப் போட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போட வேண்டாம். மாத்திரை டப்பாவை வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், பெயரில்லாத வேறு டப்பாவில் மாற்றித் தர முடியுமா என்று மருந்தாளுநரிடம் கேட்கலாம். எச்.ஐ.வி. பரிசோதனை முதல் நாள், 6 வாரம், 3 மாதம் என்று மூன்று முறை. கடைசி முடிவு வரும்வரை உறவின்போது ஆணுறை வேண்டும், ரத்ததானம் வேண்டாம்.

கொனோரியா, கிளமிடியா, ட்ரிக்கோமோனாஸ் போன்ற பாலியல் தொற்றுகளுக்கு முடிவுக்காகக் காத்திராமல் முன்கூட்டியே மருந்து கொடுப்பது நல்ல நடைமுறை. வழக்கமாக ஒரு செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி, 7 நாள் டாக்ஸிசைக்ளின், 7 நாள் மெட்ரோனிடசோல் என்று இருக்கும். கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளினுக்குப் பதில் அஸித்ரோமைசின். எல்லா மாத்திரையும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் கருத்தடை மாத்திரை வாந்தியில் வெளியே வந்துவிடும் ஆபத்து உண்டு. கருத்தடையும் எச்.ஐ.வி. மருந்தும் முதலில் போகட்டும். மெட்ரோனிடசோலைச் சற்றுத் தள்ளித் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இதுவரை போடாதவர் 14 நாட்களுக்குள் முதல் ஊசி போட வேண்டும். பிறகு ஒரு மாதத்தில் ஒன்று, 6-ஆம் மாதத்தில் ஒன்று. காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி. வயது 26-க்குள் இருந்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான கிருமிக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி போடாதவராக இருந்தால் அதையும் கேட்கலாம். சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையை 3 மாதத்தில் மறுபடி செய்ய வேண்டும்.

பரிசோதனை அறைக்குள்

தடயப் பரிசோதனைக்குச் சில மணி நேரம் ஆகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே உங்கள் ஒப்புதல் வேண்டும். ஆரம்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் கடைசிவரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. கையில் மாதிரி எடுக்கலாம், நகத்தடியில் எடுக்கலாம், உள்பரிசோதனை மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம். நடுவில் நிறுத்தச் சொல்லலாம். பெண் மருத்துவரைக் கேட்கலாம், உடன் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். எதை மறுத்தாலும் சிகிச்சை நிற்கக் கூடாது.

மாதிரி எடுக்க 72 மணி நேரம்தான் என்பது பழைய கணக்கு. இப்போது பல இடங்களில் யோனிப் பகுதி மாதிரியை 5 முதல் 7 நாள் வரை எடுக்கிறார்கள். சில நாடுகளில் புகார் கொடுக்காமலே மாதிரியை எடுத்துப் பத்திரப்படுத்தி வைக்கும் வசதியும் உண்டு. எத்தனை மாதம் வைப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘இரு விரல் சோதனை’ என்ற பெயரில் கன்னிமையைச் சோதிப்பதாகச் செய்யப்படுவதற்கு எந்த மருத்துவ அடிப்படையும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் மனித உரிமை, மகளிர் அமைப்புகளும் 2018 அக்டோபரில் சேர்ந்து அதைக் கைவிடச் சொல்லி அறிக்கை வெளியிட்டன. யாராவது செய்ய முனைந்தால் “இது வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. காயம் எதுவும் இல்லை என்று அறிக்கையில் வந்தாலும் கலங்க வேண்டாம். வன்கொடுமைக்கு ஆளான பலருக்கும் பிறப்புறுப்பில் காயமே இருப்பதில்லை.

எழுதும் மருத்துவர் உங்கள் சொற்களை அப்படியே எழுதுகிறாரா என்று பாருங்கள். “நெரித்தார்” என்று நீங்கள் சொன்னதை “தகராறு” என்று சுருக்கினால் பின்னால் அதைத் திருத்துவது கடினம். வெளியே வரும்முன் அறிக்கையின் நகல், மருந்துச் சீட்டு, அடுத்து வர வேண்டிய தேதி மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

மனம்

“ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளிவிடவில்லை” என்று வெளியே யாரும் கேட்பதற்கு முன்பே பாதிக்கப்பட்டவர் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார். பயம் ஒரு அளவைத் தாண்டும்போது உடல் தானாகவே மரத்து, அசைவற்றுப் போகும்; குரல் வராது. இது முடிவெடுத்துச் செய்வதல்ல, மூளையின் தற்காப்பு. 2017-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், ஸ்டாக்ஹோம் அவசர மையத்துக்கு வந்த 298 பெண்களில் 70 விழுக்காட்டினர் தாக்குதலின்போது தங்கள் உடல் குறிப்பிடத்தக்க அளவு செயலற்றுப்போனதாகச் சொன்னார்கள். அசையாமல் கிடந்தது சம்மதம் இல்லை. நினைவு துண்டு துண்டாக இருப்பதும், முன்பின் மாறி வருவதும் இதே காரணத்தால்தான். நினைவுக்கு வருவதை வந்த வரிசையிலேயே, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இடைவெளியை ஊகத்தால் நிரப்ப வேண்டாம்.

முதல் வாரங்களில் தூக்கம் கெடும், சின்னச் சத்தத்துக்கும் உடல் துள்ளும், யார் தொட்டாலும் கூசும், சிலருக்கு எதுவுமே உணராத வெறுமை. பெரும்பாலானவர்களுக்கு இது சில மாதங்களில் மெல்லத் தணியும். இந்தக் கட்டத்தில் நடந்ததை முழுதாகச் சொல்லச் சொல்லி ஒரே அமர்வில் கிளறுவது உதவாது. வற்புறுத்தக் கூடாது என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தூக்கத்துக்கென்று டயஸிபாம் வகை மாத்திரைகளை முதல் மாதத்தில் கொடுப்பதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஆனால் பல இடங்களில் முதலில் எழுதித் தருவது அதைத்தான். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வந்தால், கெட்ட கனவு விடாமல் தொடர்ந்தால், வெளியே போவதையே தவிர்க்கத் தொடங்கினால் சிகிச்சை தேவை. நல்ல சான்றுள்ளவை இரண்டு: அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல் நடத்தைச் சிகிச்சை, இ.எம்.டி.ஆர். என்ற கண்ணசைவுச் சிகிச்சை. பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள். ஆலோசகரை முதல் முறை பார்க்கும்போது இந்த இரண்டில் எதில் பயிற்சி பெற்றிருக்கிறார், எத்தனை அமர்வு ஆகும், எது ரகசியமாக இருக்கும், எது இருக்காது என்று நேரடியாகக் கேளுங்கள். ‘மறந்துவிடுங்கள்’, ‘மன்னித்துவிடுங்கள்’ என்று தொடங்குபவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு மாதக் கணக்கெல்லாம் இல்லை. அன்றே, தனியாக இல்லாமல், அவசர சிகிச்சைப் பிரிவு.

பக்கத்தில் இருப்பவருக்கு

நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் பல ஆண்டுகள் அவர் காதில் நிற்கும். “நீ சொல்வதை நம்புகிறேன். இது உன் தப்பில்லை. இப்போது உனக்கு என்ன வேண்டும்?” இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளை விட்டுவிடுங்கள். கட்டிப்பிடிக்கும் முன் கேளுங்கள். கோபத்தில் அந்த ஆளைத் தேடிப் போவது பாதிக்கப்பட்டவரின் தலையில் இன்னொரு பயத்தை ஏற்றும். அன்றிரவு அவரைத் தனியே விட்டுப் போவதும் அதில் சேர்ந்துவிடும். அவருக்கு உதவியாக இருப்பவை சிறியவை: 28 நாள் மாத்திரைக்கு நினைவூட்டல், 6 வாரப் பரிசோதனைக்குக் கூட வருவது, வேலையிடத்துக்கு விடுப்புச் சொல்வது, யாரிடம் சொல்லலாம் என்பதை அவரே முடிவு செய்ய விடுவது.

குழந்தை சொன்னால் முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். “அவர் இங்கே தொட்டாரா?” என்று விடையை உள்ளே வைத்துக் கேட்கக் கூடாது, “பிறகு என்ன நடந்தது?” என்பது போதும். மறுபடி மறுபடி சொல்ல வைத்தால் குழந்தை குழம்பிவிடும். சொன்னதை அதே சொற்களில் எழுதி வைத்துக்கொண்டு பயிற்சி பெற்றவரிடம் ஒப்படையுங்கள். சிறுமிகளுக்கு உள்கருவி வைத்துப் பரிசோதிப்பது வழக்கமாகச் செய்யக் கூடாதது.

பாதிக்கப்பட்டவர் ஆண் என்றாலும் எச்.ஐ.வி. மருந்து, தொற்று மருந்து, தடுப்பூசி எல்லாம் அதேதான். அந்த நேரத்தில் உறுப்பு விறைத்ததும் விந்து வெளிப்பட்டதும் உடலின் அனிச்சைச் செயல், விருப்பத்தைக் காட்டுவதில்லை. இந்த ஒன்றைச் சொல்லக் கூசியே ஆண்கள் வருடக்கணக்கில் வாய் திறப்பதில்லை. காது கேளாதவர், பேச இயலாதவர் என்றால் மொழிபெயர்க்க வீட்டார் வேண்டாம். வெளியாள் ஒருவரைக் கேளுங்கள். கவனித்துக்கொள்பவரே செய்தவராக இருக்க வாய்ப்புண்டு.

படம் எடுத்திருந்தால்

அந்த ஆள் அனுப்பிய மிரட்டல்களை அழிக்காதீர்கள். எண், தேதி, கணக்கின் முகவரி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, இன்னொரு இடத்திலும் சேமியுங்கள். ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற இலவசச் சேவை 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. 18 வயது நிரம்பியவர்களுக்கு. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணக்கிட்ட ஒரு எண்கோவை மட்டும் போகும். சேர்ந்திருக்கும் சமூக ஊடக நிறுவனங்கள் அதை வைத்துப் பதிவேற்றத்தைத் தடுக்கும். வயது குறைந்தவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்று இதேபோல் ஒன்று உண்டு. பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்க வேண்டாம்; ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடி கேட்பார்கள்.

நாள் கடந்து வருபவருக்கு

நடந்து இரண்டு வாரமோ இரண்டு வருடமோ ஆகியிருந்தாலும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கர்ப்பப் பரிசோதனை, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் ரத்தப் பரிசோதனை. கிளமிடியா, கொனோரியா பரிசோதனை. பின்னவை அறிகுறியே இல்லாமல் வருடக்கணக்கில் உள்ளே இருந்து பின்னாளில் குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம். பரிசோதனை எதற்கு என்று கேட்டால் “பாலியல் தொற்றுப் பரிசோதனை முழுதாகச் செய்ய வேண்டும்” என்பது போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. அதிர்ச்சிக்கான சிகிச்சை பல வருடம் கழித்துத் தொடங்கினாலும் வேலை செய்யும். பல் மருத்துவரின் நாற்காலி, பிரசவ அறை, கருப்பைவாய்ப் பரிசோதனை போன்ற இடங்களில் பழையது திடீரென்று மேலெழும். அங்கே போகும்போது முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவைக்கலாம்: “எனக்கு முன்பு ஒரு மோசமான அனுபவம் உண்டு. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், நான் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்.”